ராசியான வீடு

"தலைவரே, ஐஸ் தீர்ந்து போச்சு!" என்று டெய்லர் பதூ குரல் கொடுத்தபோது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் கானா அணி ஒரு கோல் வாங்கியிருந்தது.

ஆசிரிஃபிக்கு ஐஸ் ஒரு கவலையே இல்லை. அவருடைய கவலை டி.வி.க்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மனைவி பொக்குவாவின் தாய்மாமன் டுவோடு, ஒபுவாசியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்தார்.

இத்தனைக்கும் எதிர்வீட்டு பதூவிடம் கட்டில் அகலத்துக்கு டி.வி. இருக்கிறது. தண்ணீர் வாரிய எழுத்தரான ஆசிரிஃபியுடையது தலையணை அளவுதான். ஆனாலும் நைஜீரியாவுடன் கால்பந்து இறுதி ஆட்டம் என்றதும், ஆசிரிஃபி வீட்டில்தான் பார்ப்போம் என்று தெருவே ஒரே குரலில் சொல்லிவிட்டது. வருகிற ஞாயிறு ஆசிரிஃபி போட்டியிடும் தெருச் சங்கத் தலைவர் தேர்தல். மக்கள் மனதில் யார் இருக்கிறார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் கானா தோற்றால்? நைஜீரியாக்காரர்கள் நம் ஜொல்லோஃப் தக்காளிச் சோற்றையும் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'ராசி கெட்ட வீடு' என்று பெயர் விழுந்துவிட்டால் சங்கத்தில் துடைப்பம் பிடிக்கக்கூட விட மாட்டார்கள்.

இதற்கு முன் டுவோடு மாமா ஊருக்கு வந்தபோதெல்லாம் பதூ வீட்டில் பார்த்த மூன்று நட்பு ஆட்டமும் தோல்வி. மூன்றையும் ஆசிரிஃபி கண்ணாரக் கண்டவர். இன்றும் அப்படித்தான். தட்டுகளை வைத்துவிட்டு ஆசிரிஃபி மாமாவின் நாற்காலிக் கைப்பிடியில் சற்றே சாய்ந்தார், பந்து வலைக்குள் போய்விட்டது. அறையிலிருந்த அத்தனை தலைகளும் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பின. எல்லாருக்கும் மாமாவைப் பற்றித் தெரிந்துவிட்டதே என்று ஆசிரிஃபிக்கு வெட்கமாகப் போயிற்று.

"மாமா, வாங்க. ஐஸ் வாங்கிட்டு வந்துடலாம்."

"ஒரு மூட்டை ஐஸுக்கு ரெண்டு பேரா? நான் என்ன கூலிக்காரனா மாப்பிள்ளை?"

"நீங்க கூட வந்தா பேரம் படியும் மாமா."

வாசல் கதவருகே பலகாரக்காரி செர்வா அடுப்பு வைத்து, இஞ்சியும் மிளகாயும் பிசறிய வாழைப்பழத் துண்டுகளைக் கெலெவெலேயாகப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஐஸ் தேடி அலைந்து, இரண்டாம் பாதியில் திரும்பியவர்களை அவள் மறித்தாள்.

"அண்ணே, சூடா இருக்கு. நின்னு சாப்பிட்டுப் போங்க. காசு வேணாம்."

பாதிரியாருக்கே கடன் கொடுக்காதவள் சும்மா கொடுக்கிறாள். தலைவர் பதவியின் வாசனை அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது என்று ஆசிரிஃபி பூரித்து, ஒரு துண்டை வாயில் போட்டார். வீட்டுக்குள் கூரை பறக்கிற மாதிரி கூச்சல். கோல்! ஒன்றுக்கு ஒன்று.

ஆசிரிஃபி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். இனி ஆராய்ச்சியே தேவையில்லை.

ஐஸ் மூட்டை ஒழுகி மாமாவின் வேட்டித் துணி தொப்பலாக நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று. "சளி பிடிச்சுக்கும் மாமா, மாத்திக்கோங்க" என்று படுக்கையறைக்குள் அனுப்பி, வெளியே சாவியைத் திருப்பினார். பிறகு மாமாவின் நாற்காலியில் ஜம்மென்று சாய்ந்தார். முதுகு படிவதற்குள் நைஜீரியா இரண்டாவது கோல் போட்டது.

வேறொருவராக இருந்தால் யோசித்திருப்பார். ஆசிரிஃபி அண்ணாந்து பார்த்தார். படுக்கையறைச் சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டை. மாமாவின் மூச்சு அது வழியாகத்தான் வருகிறது!

"தலைவரே" என்றார் பதூ அவசரமாக. "நாற்காலி பத்தலை. சர்ச்சிலேருந்து நாலு எடுத்துட்டு வந்தீங்கன்னா..."

"யாரும் உட்காராமலே மூணு காலியா கிடக்கே?"

"பத்தாது தலைவரே. கூட்டம் வரும். உங்க செல்வாக்கு உங்களுக்குத் தெரியாது."

அதற்குள் படுக்கையறைக் கதவு இடிபட்டது. பொக்குவா அகப்பையும் கையுமாக ஓடிவந்து திறந்தாள். மாற்றுத்துணி கிடைக்காமல் அவளுடைய பூப்போட்ட இரவு அங்கியை மாட்டிக்கொண்டு மாமா வெளியே வந்தார்.

"எங்க மாமாவை வச்சுப் பூட்டினீங்களா? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?"

"கதவு தானா சிக்கிக்கிச்சும்மா. மாமாவுக்கு வேர்க்குது பாரு, கொஞ்சம் காத்தாட..." என்று சொல்லிக்கொண்டே மாமாவை அங்கியோடு தெருவுக்கு இழுத்துப் போனார். செர்வா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தட்டையும் நீட்டினாள்.

அடுத்த நிமிடம் உள்ளே கூச்சல். இரண்டுக்கு இரண்டு.

சர்ச் நாற்காலியாவது மண்ணாவது. ஆசிரிஃபி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். "மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க உட்கார்ந்து பார்த்தா நம்ம நாடு தோக்குது. நாட்டுக்காக இங்கேயே இருங்க."

"நான் ராசியில்லாதவனா?" மாமாவுக்கு மீசை துடித்தது. "உன் கல்யாணத்தையே நான்தான்டா பேசி முடிச்சேன். என் வாழ்க்கையில நான் பண்ண ஒரே அபசகுனம் அதுதான்!"

அவர் சொல்லி முடிக்கவில்லை. மூன்றாவது கோல்! வீடு மட்டுமல்ல, தெருவே ஆடியது. கானா முன்னிலை, இன்னும் இரண்டே நிமிடம். கோப்பையைத் தூக்குவதையாவது கண்ணால் பார்க்க வேண்டுமே என்று ஆசிரிஃபி மாமாவை உதறிவிட்டுக் கதவுக்கு ஓடினார்.

தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"பதூ! மாமா இங்கேயேதான் இருக்கார்! என்னை மட்டும் உள்ளே விடுங்க!"

உள்ளே யாரோ டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள்.

"தட்டாதீங்க அண்ணே, இந்தாங்க, இன்னொரு தட்டு சாப்பிடுங்க" என்றாள் செர்வா. "உங்களை வெளியவே நிறுத்தி வைக்கச் சொல்லி பதூ அண்ணன் காலையிலயே காசு குடுத்துட்டாரு. 'எங்க பார்த்தாலும் ஆசிரிஃபி வந்து உட்கார்றான், தோத்துப் போறோம். அவன் வீட்லயே வச்சாத்தான் அவனுக்கு உட்கார நேரம் இருக்காது'ன்னு தெருவே கூடித் தீர்மானம் போட்டுச்சே, உங்களுக்குத் தெரியாதா?"