குடிநீர் வருமா என்று அறியாத ஒரு வாசகர், நாளிதழ் ஆசிரியருக்கு

நாள்தோறும் எங்கள் வாசலில் வந்து விழும் நாளிதழின் ஆசிரியர் அவர்களுக்கு, இறையருளால் தங்களுக்கும் அச்சகத்தாருக்கும் எல்லா நலமும் உண்டாகுக. பிழைதிருத்துபவர் என்று ஒருவர் இருப்பின், அவருக்குக் கண்ணொளியும் உண்டாகுக.

மறைநூலுக்கும் பழஞ்செய்யுளுக்கும் உரை சொல்லியே முடி நரைத்தவன் அடியேன். கலைக்கண்காட்சிக்கு ஒரு கொம்பும் ஒரு காலும் கூட்டி, 'மேயர் திறந்துவைத்த கொலைக்கண்காட்சி' என்று தாங்கள் அச்சிட்டபோதும் பொறுத்துக்கொண்டேன். அங்கிருந்த ஓவியங்களைக் கண்டபின் அதைப் பிழை என்று சொல்ல நா எழவில்லை. ஆனால் நேற்று, 'குடிநீர் நிறுத்த உத்தரவு ரத்துக்கு விதித்த தடை நீக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டீர்களே, தண்ணீர் வருமா வராதா என்று என் மனைவி கேட்க, கீழ்வீட்டுத் தையல்காரரும் படியேறி வந்து நிற்க, நான் கண்ணாடியைத் துடைத்து, சொல் சொல்லாகப் பிரித்து, முன்பின் கூட்டி, வராது என்று தீர்ப்புரைத்தேன்.

"எனக்கென்னவோ வரும்னு படுதுங்கய்யா," என்றார் தையல்காரர்.

"நீர் பொத்தானைக் கவனியும்," என்றேன்.

அவ்வளவுதான், அண்டா, வாளி, குக்கர், பூச்சாடி, என் மகனுடைய ஹெல்மெட் வரை மருமகள் நிரப்பிவைக்க, சமைக்க ஒரு பாத்திரமின்றி வீடே பட்டினி கிடக்க, குழாயோ நாள் முழுதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"இனிமே உங்ககிட்ட அர்த்தம் கேக்கறதா இல்ல. குழாயத் திறந்து பாத்தா தெரிஞ்சிடப் போகுது," என்றாள் மனைவி.

"விடுங்கத்தை, மாமா என்ன பண்ணுவாரு? எழுதினவன் தூக்கத்துல எழுதியிருப்பான்," என்று மருமகள் பரிந்து பேசியது அதைவிடச் சுட்டது.

பொருள் சொல்பவன் என்பதொன்றே இவ்வீட்டில் எனக்கிருந்த மதிப்பு. அதையும் தாங்கள் நீரில் விட்டீர்கள். ஆதலால் இனித் தலைப்புகளைக் குழந்தைக்கும் விளங்கும்படி எழுதுக. இல்லையேல் சந்தாவை நிறுத்துவேன்.

தங்கள் குலமும் தொழிலும் தழைக்க வேண்டும்,
மனம் நொந்த வாசகன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் இன்றைய நாளிதழ் வந்தது. 'பேருந்துக் கட்டண உயர்வு வாபஸ் மறுப்புக்கு எதிர்ப்பு நிராகரிப்பு.' மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பாராமலே, "பஸ்ஸுக்குத் திறந்து பாக்கக் குழாய் ஏது? அர்த்தத்தச் சொல்லுங்க," என்கிறாள். மருமகள் நாற்காலி போட்டுவிட்டாள். தையல்காரரின் செருப்புச் சத்தமும் படியில் கேட்கிறது. மறைநூலுக்குப் பொருள் கேட்டு இந்தப் படியேறி எவரும் வந்து நெடுநாள் ஆயிற்று. ஆகவே, மேலே எழுதிய எதையும் மனத்திற்கொள்ளாது, தாங்கள் எழுதுகிறபடியே எழுதிவருக. விரிவாக எழுத நேரமில்லை. உரை தொடங்க வேண்டும்.