எட்டு எம்பி மேம்பாட்டுச் சங்கம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த பெருங்காரியம், முப்பது வருடப் பழைய கணினிக்கு வீட்டிலேயே ராம் எனும் நினைவகத்தைக் கூட்டியதுதான். செய்தது எங்கள் சங்கம். தலைவர் நான். செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர். துணைத்தலைவர், பல் டாக்டர். உறுப்பினர் என்று யாரும் இல்லை. பதவி தராவிட்டால் ஒருவரும் சேர மாட்டேன் என்கிறார்கள்.

என் கணினியில் இருந்தவை ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட்டாக நான்கு ராம் பட்டைகள், ஆக நான்கு எம்பி. அதை எட்டாக்குவதே சங்கத்தின் ‘தொலைநோக்குத் திட்டம்’. இந்த வயதுக் கணினிக்கு ராமை ஒன்றிரண்டாகப் போட்டால் ஏற்காது. ஒரே மாதிரி நான்கு வேண்டும். கடை கடையாகக் கேட்டோம். மேலும் கீழும் பார்த்து அனுப்பினார்கள்.

அப்போதுதான் செயலாளர் பக்கத்து அறையில் துணி போர்த்திய இன்னொரு பழைய கணினியைக் கண்டுபிடித்தார்.

“இது யாரோடது?”

“என் வீட்டம்மாவோடது. எம்பிராய்டரி மிஷினை இதுதான் ஓட்டுது. விளையாட்டு டீம் சட்டைக்கெல்லாம் பேர் போட்டுக் கொடுக்கறா.”

“துணி போட்டு மூடியிருக்கே. அப்ப உபயோகத்துல இல்லன்னுதானே அர்த்தம்?”

உடனே அவசரக் கூட்டம். துணியால் மூடப்பட்ட எந்தக் கணினியும் ‘பயன்பாட்டில் இல்லாதது’ என ஒருமனதாகத் தீர்மானித்தோம். சாப்பிடப் போகும்போது தூசி படாமலிருக்க என் மனைவி அதை மூடிவிட்டுப் போவாள் என்பது எனக்குத் தெரியும். தலைவர் நடுநிலை வகிக்க வேண்டுமே என்று வாயைத் திறக்கவில்லை.

முறைப்படி மூவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்து, ராமைப் பொசுக்கிவிடாதபடி உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கினோம். டாக்டர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியோடு குனிந்து, “வலிச்சா கையத் தூக்குங்க” என்றார், பழக்கதோஷத்தில். நான்கு ராமையும் கழற்ற முக்கால் மணி நேரம் ஆனது. என் கணினியில் பொருத்தி ஸ்விட்சைப் போட்டதும் திரையில் எண் மளமளவென்று ஏறி, எட்டு எம்பியில் நின்றது. மூவரும் எழுந்து நின்றோம்.

“இனிமே இதுல என்ன பண்ணலாம்?” என்றார் டாக்டர்.

“அணைச்சுட்டு மறுபடி போடுங்க. எண் ஏறுறதை இன்னொரு தடவை பார்ப்போம்” என்றேன்.

ஐந்தாவது தடவை பார்க்கையில் பக்கத்து அறையிலிருந்து, ராம் இல்லாத கணினியைப் போட்டால் கத்துமே, அந்த பீப் பீப் சத்தம். வாசலில் மனைவி.

“என்னங்க, நாளைக்குக் காலைல மேட்ச். இன்னும் நாலு சட்டைக்குப் பேர் போடணும். கோச் இப்ப வந்துடுவாரு. போன தடவை ஒருநாள் தள்ளினதுக்கே வேற ஆளைப் பார்க்கறேன்னாரு. யார் என் மிஷின்ல கை வச்சது?”

டாக்டர் மறுபடியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“தீர்மானப்படிதாம்மா எடுத்தோம்” என்று செயலாளர் அதைப் படித்தே காட்டினார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். என் கணினியின் ஸ்விட்சை அணைத்தாள். ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டாள். இரண்டு கட்டைவிரலால் கொக்கிகளை விலக்கி, எட்டு ராமையும் நிமிடத்தில் உருவிவிட்டாள்.

“நாலுதானே உன்னோடது?” என்றேன்.

கையிலிருந்த துணியை உதறி என் கணினிமேல் போர்த்தினாள். “இப்ப இது உபயோகத்துல இல்ல. தீர்மானம் இருக்குல்ல?”

சற்று நேரத்தில் எம்பிராய்டரி மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக. கோச் வந்து சட்டைகளை வாங்கிக்கொண்டு போனார்.

எட்டு எம்பி மேம்பாடு முழு வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதி, மூவரும் கையெழுத்திட்டோம். எந்தக் கணினியில், யார் கையால் என்ற இரண்டு இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம்.