ஸ்பூன் வைத்த துப்பாக்கி

பென்சில்வேனியாவில் எங்கள் வட்டாரப் பழந்துப்பாக்கி ஆர்வலர் சங்கத்தைக் கேட்காமல் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார்கள். ரிப்பேர்காரர்களுக்கு எங்கள்மேல் அவ்வளவு மரியாதை. பயம் என்றும் சொல்லலாம்.

வெர்னா ஸ்டோல்ட்ஸ் கோழி வளர்க்கிறவள். அவளுடைய துப்பாக்கியின் இடது குழலை வெடிக்கவைக்கும் சுத்தி எப்போதோ உடைந்துபோக, அந்த இடத்தில் அவள் தாத்தா ஒரு ஸ்பூனை வளைத்துச் சொருகிவிட்டார். அதனால் வலது குழல் மட்டும்தான் வெடிக்கும். அதற்குத் தப்பிய நரி சாவகாசமாகக் கோழியைக் கவ்விக்கொண்டு போகும். சுத்தியை மாற்ற அனுமதி கேட்டு வெர்னா எங்களிடம் வந்தாள்.

தலைவர் ஹோமர் பிக்கெட், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த கோட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம்.

"இது ஸ்பூன் வகை. உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு. கை வைக்கக் கூடாதும்மா."

"வகையாவது ஒண்ணாவது! எங்க தாத்தா போதையில பண்ணின வேலைங்க அது."

"பாத்தீங்களா, செஞ்சவர் யாருன்னுகூடத் தெரியுது!" என்று தலைவர் பூரித்துப்போனார். மேற்படி ஸ்பூனை அகற்றுவது சரித்திரத் துரோகம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அப்புறம் எங்கள் வீடுகளில் காபி கலக்க ஸ்பூன் கிடைக்கவில்லை. அடுத்த கண்காட்சிக்கு வந்த துப்பாக்கி ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் இருந்தது. நான் கொஞ்சம் தாராளமாக சூப் கரண்டியே வைத்திருந்தேன்.

வெர்னா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். "இப்ப என்னோடது ஒண்ணும் அபூர்வம் இல்லையே?"

மறுக்க முடியவில்லை. அனுமதி கொடுத்தோம். அவளும் சுத்தியை மாட்டி, விதிப்படி எங்கள் பார்வைக்கு மறுபடி கொண்டுவந்தாள். தலைவர் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு முறை பார்த்தார்.

"ஸ்பூன் இல்லாத துப்பாக்கி! இந்த வட்டாரத்துலயே இது ஒண்ணுதான்! இனிமே இதைச் சுடவே கூடாது."

"கடைசிக் கோழியும் நேத்துப் போயிடுச்சு, தலைவரே," என்றாள் வெர்னா. பையிலிருந்து இரண்டு தோட்டாவை எடுத்துத் துப்பாக்கியில் போட்டாள். நாங்கள் மேசைக்கடியில் புகுந்தோம். இரண்டு குழலும் வெடித்தன. ஒரு துப்பாக்கி வேலை செய்து எங்கள் சங்கம் பார்த்தது அன்றுதான்.

புகை அடங்கியதும் தலைவர் மெல்லத் தலையை நீட்டிக் கூரையைப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

"யாரும் அடைச்சிடாதீங்கப்பா," என்றார் தொப்பியைக் கழற்றிக்கொண்டே.

இப்போது பனிக்காலம். தொப்பியில் விழும் பனியைத் தட்டிவிட்டுக்கொண்டே கூட்டம் நடத்துகிறோம். பக்கத்து ஊர்ச் சங்கத்தாரும் தங்கள் கூரையில் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. எங்களுக்கு அது ஒன்றுதான் கவலை.