கழுத்து நரம்பும் அரை ரொட்டியும்

அஞ்சலையக்காவின் மாட்டைக் கொன்ற மகாபாவி நான்தான் என்று ஒரு காலை முழுக்க நம்பினேன். நம்பாமல்? சைகோனிலிருந்து வந்த மச்சானுக்கு விருந்து வைத்து, மிஞ்சிய அரை ரொட்டியை ஒயினில் நனைத்து, குறும்புக்காக மதில் மேலிருந்து அதற்கு ஊட்டினேன். விடிந்தால் மாடு காலை நீட்டிக் கிடக்கிறது.

"வெஷம் வெச்சவன் கை அழுவிப் பூடும்!" என்று அக்கா மண்ணை வாரித் தூற்றினாள். நான் வலது கையை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டேன். அவள் பிழைப்பே அந்த ஒரு மாடு.

அப்போது வந்தார் 'நரம்பு'. பிரெஞ்சுக்காரர் போன புதிதில் முத்தியால்பேட்டையில் அவர் அமுக்கிப் பார்க்காத கழுத்தே கிடையாது. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். மனிதருக்கு வணக்கம்கூடச் சொல்லமாட்டார்; மாடு, குதிரை, ஆடு எதிர்ப்பட்டால் "சவா?" என்று பிரெஞ்சில் நலம் விசாரித்துக் கட்டைவிரலால் கழுத்து நரம்பைத் தொடுவார். ஒருமுறை கல்யாண மாப்பிள்ளையின் கழுத்தையும் தொட்டு, "தாலி கட்டலாம், தாங்கும்" என்றவர்.

"அஞ்சல, தாடைக்குக் கீழ வீங்கியிருந்துச்சா?"

"ஆமாங்க, ஒரு மாசமா."

"முன்னங்கால அகட்டி நின்னுச்சா? நாலடி நடந்தா மூச்சு வாங்குச்சா?"

"ஆமாங்க."

"நரம்பு கயிறாட்டம் பொடச்சிருக்கு, இருதயம் தள்ளாடுதுன்னு போன வாரமே சொன்னேன். தொடப்பத்தத் தூக்கிக்கினு வந்த!"

கத்தியை எடுத்தார். வயிற்றைத் திறந்தால் ரொட்டி காட்டிக்கொடுத்துவிடும். அவர் காதருகே குனிந்து, ரொட்டி, ஒயின் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

"எவ்ளோ?"

"அரை ரொட்டிங்க ஐயா."

"அதுக்கு மாடு சாவாதுடா. ஏப்பந்தான் வுடும்." என் கழுத்தை அமுக்கிப் பார்த்தார். "ஒன் நாடிதான் நிக்கிற மாதிரி இருக்கு. ஒக்காரு."

மாட்டின் நெஞ்சைத் திறந்தார். இருதயத்தைச் சுற்றி நாற்றமடிக்கும் சீழ். அதற்குள் விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த கம்பி.

"வைக்கோலோட தின்னுருக்கு. வயித்துலேருந்து குத்திக்கினே போயி இருதயத்துல ஏறிடுச்சி. யாரும் வெஷம் வெக்கல, வாய மூடு அஞ்சல."

அக்கா அடுத்த மாடு வாங்கியதும், தினம் காலையில் ஒரு காந்தத்தோடு வந்து அவளுடைய வைக்கோலைத் துழாவினார். திட்டிக்கொண்டேதான்.

மாட்டைக் கொன்றது கம்பி. அதைத் தெருத் தெருவாகச் சொன்ன மனிதர், ரொட்டி போட்டது யார் என்பதைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.