கூர்மதி முந்திய கதை

ஒரு காட்டில், யாரும் துரத்தாமலே ஓடும் பழக்கம் விலங்குகளுக்குத் தொற்றிக்கொண்டது. வேரும் வழுக்குப் பாறையுமாக ஏழு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. ஒரு ஆள் மட்டும் நுழையும் மூங்கில் வாசலில் கிளம்பி, ஆறு சுற்றுச் சுற்றி வந்தால் மாரத்தான். பொழுது சாய்வதற்குள் முடித்தால்தான் பதக்கம்.

கூர்மதி என்கிற முள்ளம்பன்றிக்கு அந்தப் பதக்கத்தின் மேல் கொள்ளை ஆசை. இரண்டு வருடமாக நாலாவது சுற்றிலேயே இருட்டிவிட, "போதும்மா, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த முறை பதிவு வரிசையில் முதல் ஆளாக நின்றாள். படிவத்தில் 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்?' என்ற இடத்தில் 'எனக்கு அவசரமில்லை' என்று எழுதினாள்.

மேசையிலிருந்த உடும்பு ஒன்றாம் எண் அட்டையை நீட்டியது. "எண் வரிசைப்படிதான் கிளம்பணும். இந்த வருஷம் புது விதி, பாதையை விட்டு ஒரு கால் வெளியே வச்சாலும் ஆட்டம் குளோஸ்."

விசில் ஊதியதும் கூர்மதி முன்னே, நாற்பது பேர் பின்னே. இரண்டாம் எண், போன வருடச் சாம்பியன் தாண்டவன் என்கிற சிறுத்தை.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க."

"எங்கே தம்பி ஒதுங்க? ரெண்டு பக்கமும் புதர். கால் வெளியே பட்டா என்னைத் தூக்கிடுவாங்களே!"

தாண்டவன் உறுமினான். பயத்தில் கூர்மதியின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அவளைத் தாண்ட எம்பியவன் மூக்கில் மூன்று முள்ளோடு பின்வாங்கினான்.

"ஏய், நகரு!" என்று பின்னால் ஒரே கூச்சல். கூர்மதிக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்து இன்னும் மெதுவானாள். இரண்டு சுற்று முடியும்போதே சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. தாண்டவன் யோசித்தான். இவள் முடிக்காவிட்டால் நமக்கும் பதக்கம் கிடையாது!

மறு நொடியே அவன் குரல் தேனாகிவிட்டது. "ஓட்டம்னா இதுதான்க்கா! மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அந்த வேரைத் தாண்டினா இறக்கம்தான்."

மற்றவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மான்கள் தாளத்துக்குக் குளம்பு தட்டின. குரங்கு கொடுத்தனுப்பிய நெல்லிக்காயும் உப்பும் கைமாறிக் கைமாறி முன்னே வந்தன. "கூர்மதி! கூர்மதி!" என்று காடே முழங்கியது.

பிறந்ததிலிருந்து யாரும் அவளை இப்படிக் கொண்டாடியதில்லை. முள் படிந்தது, கால் லேசானது. மேட்டில் மூச்சிரைக்க ஏறி, பள்ளத்தில் பந்தாக உருண்டு பறந்தாள். மூக்கு இன்னும் விண்விண்ணென்று வலித்ததால் தாண்டவன் மறுபடி எம்பிப் பார்க்கவில்லை.

கடைசி வெயில் மரத்தில் இருக்கும்போதே கூர்மதி ஆறாவது சுற்றை முடித்து முதலாவதாக வந்தாள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டதும் கண் கலங்கிவிட்டது.

"என்னோட வெற்றிக்குக் காரணம், கடைசிவரைக்கும் எனக்குப் பின்னால நின்ன நண்பர்கள்தான்!"

நாற்பது பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினார்கள். கூர்மதி நன்றிப்பெருக்கில் தாண்டவனைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தாள். அன்றைக்கு அவன் தன் உண்மையான வேகத்தைக் காட்டியது அப்போதுதான்.

நீதி: ஊரே உங்களுக்கு உற்சாகம் ஊட்ட வேண்டுமா? ஊரார் போகிற வழியில் குறுக்கே நில்லுங்கள்.