முகத்தை நேராகக் காட்டவும்

ஒரு காட்டில், அதிலும் நான்கு மலைகளுக்கு நடுவே ஒரே ஒரு செல்போன் கோபுரம் மட்டும் இருந்த ஒரு காட்டில், நல்லசிவம் என்ற அழுங்கு தன் மனைவி மரகதத்துடன் ஒரு வளையில் வாழ்ந்து வந்தது. அழுங்கைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பு முழுக்கச் செதில், நீளமான பசைநாக்கு, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சுபாவம். எறும்புதின்னி என்றும் சொல்வார்கள். ஒருவரை அவர் சாப்பிடும் பண்டத்தின் பெயரால் அழைப்பது மரியாதையில்லை என்பதால் நாம் அழுங்கு என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் கதையில் சிங்கம் உண்டு, ஆனால் நேரில் வராது. ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டதோடு அதன் பங்கு முடிந்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கை பின்வருமாறு:

"வளை, குகை, பொந்து ஆகியவற்றில் குடியிருப்போர் அனைவரும் வரும் பௌர்ணமியன்று மாலை ஐந்து மணிக்குள் 'குடியிருப்பு' என்னும் செயலியில் தத்தம் முகத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத இடங்கள் ஆளில்லாதவை எனக் கருதப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ளவருக்கு வழங்கப்படும்."

காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தது காளியப்பன் என்ற உடும்பு. அறிக்கை வந்த அன்றே அது நல்லசிவத்தின் வளை வாசலுக்கு வந்து, தன் வாலை நீட்டி அகலத்தை அளந்து பார்த்தது.

மரகதம் அப்போது நிறைமாதம். இன்னொரு வளை தோண்டுவதென்றால் இரண்டு மாத வேலை.

"ஏங்க, கரடி கடையில ஏதாவது ஒரு போனை வாங்கிட்டு வாங்க. பதினெட்டு நாள்தான் இருக்கு" என்றது மரகதம்.

"ஏதாவது ஒண்ணா? அப்படியெல்லாம் வாங்க முடியாது. ஏழு புற்றை மோந்து பார்த்துத்தான் ஒண்ணைத் தோண்டணும்னு நம்ம குல வழக்கம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. பதினெட்டு நாளும் மோந்துக்கிட்டே நிக்கணும்னு இல்லையே."

நல்லசிவம் அதைக் காதில் வாங்கவில்லை. அழுங்குக்குக் காது மிகச் சிறியது.

கடைக்காரக் கரடியின் பெயர் ஜெயவேலு. அது குடியிருந்த குகையின் முன்பாதிதான் கடை. தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். யார் போனைத் தொட்டாலும் உடனே வாங்கி, பளபளவென்று துடைத்துத் திரும்ப வைக்கும். அழுங்கின் நகத்துக்குத் தொடுதிரை அசைந்து கொடுக்காது என்பதால் நல்லசிவம் ஒவ்வொரு போனையும் நாக்கால் இயக்கிப் பார்த்தது. ஜெயவேலு முகம் சுளிக்காமல் துடைத்துக்கொண்டே வியாபாரம் பேசியது.

"சார், இதுல பன்னெண்டு ஜிபி ராம். ஒரே நேரத்துல நாப்பது ஆப் தொறக்கலாம்."

"எனக்கு ஒரே ஒரு ஆப்தானே தொறக்கணும்?"

"அப்போ முப்பத்தொன்பது உங்களுக்கு மிச்சம் சார்!"

நல்லசிவத்துக்கு இது நல்ல லாபமாகத்தான் பட்டது. ஆனாலும் குல வழக்கம் இருக்கிறதே. அடுத்ததை எடுத்தது.

"இதுக்கு அஞ்சு வருஷம் அப்டேட் வரும் சார்."

"அப்டேட் வந்தா என்ன ஆகும்?"

"போன் கொஞ்சம் ஸ்லோ ஆகும்."

"வரலைன்னா?"

"பாதுகாப்பு இருக்காது."

"அந்தக் கடைசியில இருக்கிறது?"

"அதுல மூணு வருஷம்தான் சார் ஸ்லோ ஆகும். அப்புறம் நீங்க நிம்மதியா பாதுகாப்பில்லாம இருக்கலாம்."

இப்படி ஏழு போன்களையும் நக்கிப் பார்த்துவிட்டு நல்லசிவம் வெறுங்கையோடு வீடு திரும்பியது. திரும்பியதும் வளையின் உட்சுவரில் நகத்தால் ஓர் அட்டவணை கீறியது. பேட்டரி, கேமரா, நினைவகம், பிராசஸர், திரை, சூடாகும் அளவு, கீழே விழுந்தால் உடையும் அளவு. ஆறாம் நாள் சுவர் நிறைந்துவிட்டது. அட்டவணை மூலை திரும்பிப் படுக்கும் இடத்துக்குள் நுழைந்தது.

காளியப்பன் தினமும் வந்து விசாரிக்கும். அது மிகப் பண்பான உடும்பு.

"என்னண்ணே, முடிவு பண்ணிட்டீங்களா?"

"இந்த ரெண்டுக்கும் நடுவுல வந்து நிக்குது தம்பி. ஒண்ணுல பேட்டரி நல்லாயிருக்கு, இன்னொண்ணுல கேமரா."

"அவசரப்படாதீங்கண்ணே. ஜனங்க அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் அழுவுறாங்க. கரிச்சான் சொல்றதைக் கேட்டீங்களா?"

கரிச்சான் என்பது எந்த விலங்கின் குரலையும் அப்படியே எடுத்துப் பேசக்கூடிய ஒரு கரிய பறவை. கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து போன்களுக்கு விமர்சனம் சொல்வது அதன் தொழில். காலையில் புலிக்குரலில் "வணக்கம் உறவுகளே, இந்த போனை விட்டா வேற போனே கிடையாது" என்று உறுமும். பத்து மணிக்கு மான்குரலில் அதே போனை "இதை வாங்கி நான் ஏமாந்தது போதும்" என்று விம்மும். மதியம் யானை, மாலையில் மயில். மரத்தடியில் உட்கார்ந்து கேட்ட நல்லசிவம், நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்களே என்று நான்கையும் சுவரில் குறித்துக்கொண்டது.

"நாலும் ஒரே பறவைங்க" என்றது மரகதம்.

"உனக்குத் தொழில்நுட்பம் புரியாது" என்றது நல்லசிவம்.

இப்படியே பதினேழு நாள் போயிற்று. பதினெட்டாம் நாள் காலை மரகதம் வளை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னது.

"இன்னிக்குப் போன் இல்லாம வந்தீங்கன்னா, அந்த உடும்புக்கு நானே கதவைத் தொறந்து விடுறேன்."

வளைக்குக் கதவு கிடையாது. ஆனாலும் நல்லசிவத்துக்கு விஷயம் விளங்கியது. ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய், அட்டவணையில் அதிக மதிப்பெண் எடுத்த போனையே வாங்கியது. நூற்றெட்டு மெகாபிக்சல் கேமரா. எதைக் காட்டினாலும் அது இன்னதென்று தானே கண்டுபிடித்துச் சொல்லும் செயற்கை அறிவு. ஜெயவேலுவே தனக்கென்று வைத்திருந்தது அந்த மாடலைத்தான்.

"கூர்மைன்னா அப்படி ஒரு கூர்மை சார். எறும்போட கால் முடியை எண்ணலாம்."

எறும்பு என்றதும் நல்லசிவத்துக்கு வேறு யோசனையே வரவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது மணி பன்னிரண்டு. புதிய போன் முதல் காரியமாகத் தன்னையே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று அது ஏறுவதை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சுழலும் வட்டம் மட்டும் மிக வழவழப்பாக, கண்ணுக்கு இதமாகச் சுழன்றது. அதற்குத்தான் திரைக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டிருந்தது நல்லசிவம்.

புதுப்பித்து முடிக்கையில் மணி நான்கு. வாசலில் காளியப்பன் தன் மூட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தது.

நல்லசிவம் செயலியைத் திறந்தது. "முகத்தை நேராகக் காட்டவும்" என்றது செயலி. நல்லசிவம் நேராகக் காட்டியது. பளீரென்று ஃபிளாஷ் அடித்தது. அடித்த மாத்திரத்தில் நல்லசிவம் சுருண்டு பந்தாகிவிட்டது. அழுங்கு வேறென்ன செய்யும்?

போன் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "பலாப்பழம். உறுதி: தொண்ணூற்றெட்டு சதவீதம். பழங்களுக்கு வளை வழங்கப்படுவதில்லை" என்றது.

"இன்னொரு தடவை. சுருளாம நில்லுங்க" என்றது மரகதம்.

"நான் வேணும்னேவா சுருளுறேன்? அது தானா வருது!"

மறுபடியும் ஃபிளாஷ், மறுபடியும் பந்து. "பலாப்பழம்." மூன்றாம் முறை மரகதம் கணவனின் வாலை மிதித்துக்கொண்டு நின்றதால் பாதி முகம் வெளியே தெரிந்தது. "அன்னாசி" என்றது போன். கூடவே, பலாவையும் அன்னாசியையும் வைத்துச் செய்யக்கூடிய பன்னிரண்டு பலகாரங்களின் செய்முறையையும் தானாகவே எடுத்துக் காட்டியது.

"நீ காட்டு" என்று நல்லசிவம் போனை மனைவி பக்கம் திருப்பியது. மரகதமும் அழுங்குதானே. "பெரிய பலாப்பழம்" என்றது போன்.

"அண்ணே" என்று வாசலிலிருந்து காளியப்பன் குரல் கொடுத்தது. "ஃபிளாஷை நிறுத்துறதுக்கு செட்டிங்ஸ்ல ஒரு இடம் இருக்கு. நாப்பது பக்கம் தள்ளினா வந்துரும். நிதானமா தேடுங்க."

நல்லசிவம் தேடத் தொடங்கியது. மரகதம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளைக்குப் போனது. அங்கே தங்கராசு என்ற முள்ளம்பன்றி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, எழுந்திரு. நீ பதிஞ்சிட்டியா?"

"அது போன வாரமே ஆச்சே அக்கா."

"உன்னை ஊசிமூட்டைன்னு சொல்லலையா அது?"

"எங்கிட்ட இருக்கிறது மூணு கை மாறின போன் அக்கா. குரங்கு மரத்துல இருந்து போட்டு, அப்புறம் ஆத்துல விழுந்து, கேமராவுக்குள்ள தண்ணி போயிருச்சு. நான் முகத்தைக் காட்டினேன், மூடுபனி மாதிரி ஏதோ வந்துச்சு. 'எனக்கு ஒண்ணும் புரியல, ஆபீசுக்கு அனுப்புறேன்'னுச்சு. அங்க ஆந்தை பார்த்து ஏத்துக்கிச்சு."

"ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாதே?"

"அதனாலதான் அக்கா அதைப் பகல் வேலையில போட்டிருக்காங்க. வந்த நாளா ஒரு மனுவைக்கூட அது தள்ளினதில்லையாம்."

மரகதம் உடனே கிளம்பியது. திரும்பி வரும்போது மணி நான்கு ஐம்பது. நல்லசிவம் செட்டிங்ஸில் பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

"போனைக் குடுங்க."

"இரு மரகதம், இங்க 'காட்சி மேம்பாடு'ன்னு ஒண்ணு..."

மரகதம் போனைப் பிடுங்கிப் பின்பக்கம் திருப்பியது. தன் முழ நீள நாக்கை நீட்டி, கேமராவின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு முறை இழுத்தது. அழுங்கின் எச்சில் எறும்புப் படையையே ஒட்டவைக்கும் எச்சில்.

"ஐயோ! நூற்றெட்டு மெகாபிக்சல்!" என்று அலறியது நல்லசிவம்.

மரகதம் இன்னொரு முறை இழுத்தது. பிறகு அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தது. ஃபிளாஷ் அடித்தது, மரகதம் சுருண்டது, போன் உருண்டு போய்ச் சுவரோரம் விழுந்தது. அது எதைப் படம் எடுத்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

போன் வெகுநேரம் யோசித்தது. வாங்கியதிலிருந்து அது யோசித்தது அப்போதுதான். "உருவம் விளங்கவில்லை. அலுவலரின் பார்வைக்கு அனுப்பப்படுகிறது" என்றது.

நான்கு ஐம்பத்தாறுக்குப் பதில் வந்தது. "பார்க்கப்பட்டது. ஏற்கப்பட்டது. வளையின் உரிமையாளர்: மரகதம்."

நல்லசிவம் மெல்லச் சுவரைப் பார்த்தது. பதினேழு நாள் உழைப்பு. "அட்டவணையில அழுக்குன்னு ஒரு கட்டமே போடல நான்" என்றது வருத்தமாக.

"உங்களை இருக்கச் சொல்றேன், பயப்படாதீங்க" என்றது வளையின் உரிமையாளர்.

வாசலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த காளியப்பன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. "நல்லபடியா முடிஞ்சுதே, சந்தோஷம் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனது. பண்பான உடும்பு என்று முன்பே சொன்னேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கணக்கு முடித்தபோது காட்டில் பதிவாகாமல் கிடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது கரடி ஜெயவேலுவின் குகை. காலையிலிருந்தே கரடி தன் போனில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. போனும் ஒவ்வொரு முறையும் "கம்பளிப் போர்வை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேமராவில் தூசி இருக்கிறதோ என்று ஜெயவேலு ஒவ்வொரு முறையும் துண்டால் துடைத்தது. துடைக்கத் துடைக்கப் போனின் உறுதி கூடிக்கொண்டே போய், கடைசியில் நூறு சதவீதத்தைத் தொட்டது.

குகை காளியப்பனுக்குப் போயிற்று. குகையில் இருந்தவை குகையோடு சேர்ந்தவை என்று விதி இருந்ததால் கடையும் போயிற்று. உடும்பு மறுநாள் காலையிலேயே கடையைத் திறந்தது. எல்லாப் போன்களின் கேமராவிலும் விளக்கெண்ணெயைத் தடவி வரிசையாக அடுக்கி, "ஆந்தை அங்கீகாரம் பெற்றது" என்று பலகை வைத்து, விலையை இரண்டு மடங்காக்கியது.

முதல் வாடிக்கையாளராக ஜெயவேலு வந்து நின்றது. காத்திருப்போர் பட்டியலில் இப்போது அதுதான் முதலாவது.

"இதுல கேமரா எப்படிங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

"ஒண்ணுமே தெரியாது சார்" என்றது உடும்பு பெருமையாக.

"அப்போ அதையே குடுங்க" என்றது கரடி.

நீதி: நம்மை யாரென்று அறிந்துகொள்ள முயலாத கருவியே நம் காரியத்தை முடித்துத் தரும். ஆகவே பல நாள் ஆராய்ந்து மிகச் சிறந்த போனையே வாங்குங்கள், வாங்கியவுடன் கெடுத்துவிடுங்கள்.