மூன்று மணிக்குக் குப்புறப் படுத்தவன்

1969 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்குக் காப்பி. ஆறு மணிக்குக் கூடத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். என் மனைவி விசாலம் இரண்டு உள்ளங்கைகளையும் என் இடுப்பில் பதித்து அழுத்த, நான் கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்கினேன். பத்து முறை. வலி: வலது குதிகால், நேற்றைப் போலவே. ஏழரைக்குக் கல்கத்தா பாலிகஞ்ச் வீட்டிலிருந்து கிளம்பி, கிடர்பூருக்கு பஸ். (நின்றபடிதான். உட்கார்ந்தால் உயிர் போகும்.)

டயரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தால் எதுவும் கெட்டுப்போகாது என்று நம்பிய மடையன்.

எனக்கு சையாட்டிகா. இடுப்பில் கிளம்பி, தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை ஓடும் நரம்பு முதுகெலும்பருகே நசுங்கினால் வரும் வலி. பிசியோதெரபிஸ்ட் மிஸ் தத்தா என் முதுகைக் கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலி குதிகாலிலிருந்து மேலே ஏறினால் நல்ல அறிகுறி. இடுப்பில் கூடினாலும் பயப்படாதீர்கள். மூன்று மணிக்கொருமுறை இந்தப் பயிற்சி. பத்து நாளில் ஏறாவிட்டால் சர்ஜனைப் பார்க்க வேண்டியதுதான்."

அன்று பத்தாவது நாள். முதுகில் கத்தி வைப்பதை நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை. ஒரு வேளை தவறினாலும் ஒன்பது நாள் உழைப்பும் பாழ் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

நான் ஆபீஸ் மேனேஜராக வேலை பார்த்த கப்பல் ஏஜென்சியில் என் இடுப்பை அழுத்தியவர் ஐம்பது வயது பியூன் ராம்லகன். அன்று பன்னிரண்டு மணிக்கும் அவர்தான் அழுத்தினார். ஒரு மணிக்கு அவரே என் மேஜைக்கு எதிரே நின்று கோஷம் போட்டார். டெஸ்பாட்ச் பிரிவுக்கு மின்விசிறி கேட்டு, நாற்பது பேர் என் அறையைச் சூழ்ந்து, நகரவிடாமல் 'கெரோ' தொடங்கியிருந்தார்கள். யூனியன் தலைவர் ஹராதன் பாபு. இரண்டு சணல் மூட்டையை ஒன்றாகக் கட்டியது போன்ற உடம்பு.

"விசிறி வேணும்! விசிறி வேணும்!" என்ற முழக்கத்துக்கு நடுவே ராம்லகன் பழக்கதோஷத்தில் என்னிடம் குனிந்தார்.

"சாப், மூணு ஆயிடுச்சு."

நான் எழுந்து, மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில் பழைய பேப்பரை விரித்துக் குப்புறப் படுத்தேன். முழக்கம் நின்றது.

"கீ ஹோலோ? என்னாச்சு? போயிட்டாரா?"

"நாடகம்! மதராஸி நாடகம்!" என்றார் ஹராதன் பாபு.

"நாடகமில்லை, ஹராதன் பாபு. சையாட்டிகா," என்றேன் தரையைப் பார்த்தபடி. "ராம்லகனைக் கொஞ்சம் இடுப்பை அழுத்தச் சொல்லுங்கள்."

"முடியாது. கெரோ நடக்கறப்ப நிர்வாகத்துக்கு யாரும் வேலை செய்யக்கூடாது."

"இது வேலையா, வைத்தியமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், இரண்டு கட்சி ஆகிவிட்டது. (கல்கத்தாவில் வீடு பற்றியெரிந்தாலும் முதலில் விவாதம்தான்.) மூன்று ஐந்து ஆனது. என்னைச் சிறைவைத்ததைவிட அந்த ஐந்து நிமிடத் தாமதம்தான் என்னைப் பதறவைத்தது.

கடைசியில் ஹராதன் பாபு ஜிப்பாக் கையைச் சுருட்டினார். "நானே அழுத்தறேன். யூனியன் ஆளா இல்ல, மனுஷனா."

என் இருபுறமும் முட்டிபோட்டு உள்ளங்கைகளைப் பதித்தார். நான் மார்பைத் தூக்கினேன். நாற்பது பேரும் கோஷ ராகத்திலேயே எண்ணினார்கள்.

"ஏக்! துய்! தீன்!"

"ஸாத்!" என்று ஏழை முழங்கியபோது கதவு திறந்தது. கெரோ செய்தி பக்கத்து வீட்டு போனுக்கு எட்டி, பட்டினி கிடக்கும் கணவனுக்குத் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு டாக்ஸியில் வந்திருந்தாள் விசாலம். அவள் கண்டது: புருஷன் தரையில் குப்புற, அவன்மேல் ஒரு மலை, சுற்றிலும் நாற்பது பேர் கூச்சல்.

"ஐயையோ, கொன்னுட்டாங்களே!"

டிபன் கேரியர் பறந்து ஹராதன் பாபுவின் தோளில் விழுந்தது. கைகள் வழுக்கி, இரண்டு மூட்டையும் மொத்தமாக என் இடுப்பில் இறங்கின. 'களுக்' என்று ஒரு சத்தம். எனக்கு மூச்சு வரவில்லை.

"பௌதி, அண்ணி, நாங்க அடிக்கல! வைத்தியம்!" என்று தாடியில் தயிரோடு கெஞ்சினார் ஹராதன் பாபு. "ஏங்க, ஏதாவது பேசுங்களேன்!" என்று அழுதாள் விசாலம். நான் பேசிய முதல் வார்த்தை, "எட்டு." (இதற்காக அவள் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.)

மூன்று பன்னிரண்டுக்குக் கெரோ முடிந்தது. கெரோ செய்தவர்களே என்னை டாக்ஸியில் ஏற்றினார்கள். மிஸ் தத்தா அழுத்திப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பு தீயாக எரிந்தது. ஆனால் குதிகாலில் வலி இல்லை. முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

"யார் அழுத்தியது?"

"யூனியன்."

"முட்டாள்தனம்! முதுகு உடைந்திருக்கும். பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம். இனி உங்கள் மனைவி மட்டும்தான்," என்றார். சர்ஜன் பேச்சை எடுக்கவில்லை.

விசிறிகளுக்கு நானே சிபாரிசு எழுதினேன். மே மாதம் வந்தன. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டால், "ஹராதன் பாபுவைக் கூப்பிடவா?" என்பாள் விசாலம். உடனே பிள்ளைகள் "ஏக்! துய்!" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கெரோவுக்கு மறுநாள் காலை, காப்பிக்கு முன், டயரிக்கும் முன், வலது குதிகாலை மெல்லத் தரையில் ஊன்றி நின்றேன். எத்தனை மணிக்கு என்று குறிக்க மறந்துவிட்டேன்.